நடிப்பு தாங்கியது, எழுத்து தாங்கவில்லை: சிக்கனமான மர்மப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆளும் இடமும் குறைவான மர்மப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: "நடித்தவர்கள் அருமை, கதைதான் காலை வாரிவிட்டது." அந்தத் தீர்ப்பு எப்போது சரி, எப்போது அவசரம் என்பது பற்றிய கேள்விகளும் என் பதில்களும் இவை. சில படங்களின் அமைப்பைச் சொல்லியிருக்கிறேன். குற்றவாளி யார் என்பதை எங்கும் சொல்லவில்லை.

எப்படிப்பட்ட படங்களைப் பற்றிய பேச்சு இது?

ஓர் அறை அல்லது ஒரு வீடு, விரல்விட்டு எண்ணக்கூடிய பாத்திரங்கள், சில மணி நேரக் கதை, நடுவில் விடை தெரியாத ஒரு கேள்வி. சிட்னி லூமெட்டின் 'டுவெல்வ் ஆங்ரி மென்' (1957) ஏறக்குறைய முழுவதும் நீதிமன்ற நடுவர்கள் (ஜூரிகள்) கூடிப் பேசும் ஒரே அறைக்குள் நடக்கிறது. டேனிஷ் மொழியில் குஸ்தாவ் மொல்லர் இயக்கிய 'தி கில்டி' (2018) அவசர அழைப்பு மையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு போலீஸ்காரரையும் தொலைபேசியில் வரும் குரல்களையும் நம்பி நிற்கிறது. பார்த்திபனின் 'ஒத்த செருப்பு சைஸ் 7' (2019) திரையில் ஒரே ஒரு நடிகரைத்தான் காட்டுகிறது. இத்தகைய படங்களில் கண்ணைக் கவர வேறு எதுவும் இல்லை. முகத்தைப் பார்க்க வேண்டும், சொல்லைக் கேட்க வேண்டும். அதனால்தான் நடிப்பின் பலமும் எழுத்தின் பலவீனமும் வேறெந்த வகைப் படத்தையும்விட இங்கே துலக்கமாகத் தெரிகின்றன.

நடிப்பு நன்று, எழுத்து மோசம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

முடியும். ஆனால் நாம் நினைப்பதைவிடக் கடினம். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறாண்டுகளுக்கு முன் செய்துபார்த்த பரிசோதனை ஒன்று உண்டு. இவான் மொஸ்ஜூகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, ஒரு சூப் கிண்ணத்தோடும், ஒரு சவப்பெட்டியோடும், விளையாடும் ஒரு சிறுமியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். பசியையும் துக்கத்தையும் கனிவையும் அந்த நடிகர் எவ்வளவு நுட்பமாகக் காட்டுகிறார் என்று பார்த்தவர்கள் வியந்ததாக, உடனிருந்த இன்னொரு ரஷ்ய இயக்குநர் புடோவ்கின் எழுதியிருக்கிறார். முகம் மாறவே இல்லை. பக்கத்தில் வைத்ததுதான் மாறியது.

மர்மப் படத்தில் முகத்தின் பக்கத்தில் வைக்கப்படுவது சந்தேகம். ஒருவர் கொலை செய்திருக்கலாம் என்ற எண்ணத்தைத் திரைக்கதை நம் மனத்தில் போட்டுவிட்டால், அவர் ஜன்னலைச் சாத்துவதுகூட அபாரமான நடிப்பாகத் தெரியும். முதல் பாதியில் நாம் நடிகருக்குக் கொடுக்கும் பாராட்டில் ஒரு பங்கு, அந்தச் சந்தேகத்தைச் சரியான நேரத்தில் போட்ட எழுத்தாளருக்குச் சேர வேண்டியது. இதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் எழுத்தைக் குறை சொல்லத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் எழுத்து எங்கே கைவிடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். அண்ணன் காணாமல்போன வழக்கில் தங்கையை விசாரிக்கிறார்கள். அவள் முன்னால் மேசையில் ஒரு தண்ணீர்க் குவளை. "அவரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று அதிகாரி கேட்கிறார். அவள் குவளையை எடுக்கிறாள், குடிக்கவில்லை, மேசையில் பதிந்திருந்த ஈர வட்டத்தின் மேலேயே பிசகாமல் திருப்பி வைக்கிறாள். "செவ்வாய்க்கிழமை. சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது, தைத்துக் கொடுத்தேன்" என்கிறாள். நல்ல நடிகை இதைச் செய்தால் அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

இதற்குப் பிறகு கதை இரண்டு விதமாகப் போகலாம். முதல் விதத்தில், புதன்கிழமை மாலை எடுத்த ஒரு புகைப்படம் கிடைக்கிறது. அதில் அண்ணன் அதே சட்டையில் இருக்கிறான். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. உடல் கிடைத்தபோதோ அந்தப் பொத்தான் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. பொத்தான் தைத்தது உண்மை, நாள் பொய். இப்போது அந்தக் குவளையை நினைத்துப் பாருங்கள்: எல்லாம் முன்பு இருந்த இடத்திலேயே இருப்பதாகக் காட்ட வேண்டிய ஒருத்தியின் கை அது. நடிகை செய்த சிறு அசைவுக்கு முன்னோக்கியும் பின்னோக்கியும் அர்த்தம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது விதத்தில், கடைசிப் பத்து நிமிடத்தில், அதுவரை பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கடன்காரன் கொன்றான் என்று தெரியவருகிறது. தங்கைக்கு எதுவும் தெரியாது. அன்று சோகத்தில் இருந்தாள், அவ்வளவுதான். அதே நடிகை, அதே கை, அதே நொடிகள். ஆனால் அந்த அசைவு நம்மைத் திசைதிருப்ப மட்டுமே வைக்கப்பட்டது என்று ஆகிவிடுகிறது. "நடிப்பு நன்று, எழுத்து மோசம்" என்ற தீர்ப்பு சொல்லப்பட வேண்டிய இடம் இதுதான்: நடிகர் உள்ளே ஏதோ இருக்கிறது என்று உணர்த்துகிறார், எழுத்தாளர் உள்ளே எதையும் வைக்கவில்லை.

மௌனமே பெரும்பகுதி என்றால் எழுத்துக்கு என்ன வேலை?

வசனத்தை மட்டும் எழுத்து என்று எண்ணுவதால் வரும் கேள்வி இது. மர்மப் படத்தில் எழுத்தின் முதல் வேலை, யாருக்கு எது தெரியும், அது நமக்கு எப்போது தெரிய வேண்டும் என்ற வரிசையை அமைப்பது. வசனம் அதற்குப் பிறகுதான்.

எஸ். பாலச்சந்தரின் 'அந்த நாள்' (1954) பாடல், நடனம், சண்டை எதுவும் இல்லாமல் வந்த தமிழ்ப் படம். துப்பாக்கி வெடிக்கும் சத்தத்தோடு தொடங்கி, கதாநாயகன் இறந்துவிட்டான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறது. பிறகு சந்தேகத்துக்கு உரிய ஒவ்வொருவரின் வாக்குமூலம் வழியாகவும் இறந்தவனை மறுபடி மறுபடி உயிரோடு கொண்டுவருகிறது. சிவாஜி கணேசன் அதில் அற்புதமாக நடித்திருக்கிறார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அவருக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்தது அமைப்பு: ஒரே மனிதனைப் பல பேருடைய பார்வையில், பல முகங்களாகக் காட்டும் இடங்களைத் திரைக்கதை ஒவ்வொன்றாகத் திறந்துவிடுகிறது. அதை எழுதியவர் ஜாவர் சீதாராமன். விசாரிக்கும் அதிகாரியாக நடித்தவரும் அவரே. எழுத்தும் நடிப்பும் ஒரே ஆளிடம் இருந்ததால்தானோ என்னவோ, அந்த அதிகாரி தேவையில்லாத ஒரு கேள்வியைக்கூடக் கேட்பதில்லை என்று எனக்குத் தோன்றும்.

நல்ல நடிகரால் பலவீனமான திரைக்கதையைக் காப்பாற்ற முடியாதா?

பாதி வழி வரை முடியும். சில சமயம் முக்கால் வழிகூட. குடும்பக் கதை என்றாலோ காதல் கதை என்றாலோ இறுதிவரைகூடக் காப்பாற்றிவிடலாம், ஏனென்றால் அங்கே நாம் எதிர்பார்ப்பது உணர்ச்சி. அதைத் தருவது நடிகரின் கையில் இருக்கிறது. மர்மப் படத்தில் நாம் எதிர்பார்ப்பது விடை. விடையை நடிக்க முடியாது.

இன்னும் சொன்னால், நடிப்பு கூடக் கூட எழுத்தின் சுமையும் கூடுகிறது. ஒவ்வொரு நல்ல பார்வையும், ஒவ்வொரு தயக்கமும் திரைக்கதையின் பெயரில் வாங்கும் கடன். உச்சக்கட்டத்தில் அதை அசலும் வட்டியுமாக எழுத்துதான் கட்ட வேண்டும். சுமாராக நடித்த படத்தில் சுமாரான முடிவு வந்தால் நாம் அதிகம் வருந்துவதில்லை. உயிரைக் கொடுத்து நடித்த படத்தில் அதே முடிவு வந்தால் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஒரு கலைஞர் மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய மனிதர் கடைசிப் பக்கத்தில் வெறும் தந்திரமாகக் குறுக்கப்படுவதைப் பார்க்கும்போது, பார்வையாளர் என்ற முறையில் மட்டுமல்ல, அந்த நடிகருக்காகவும் எனக்கு வலிக்கிறது.

நடிகருக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா?

பாத்திரத்துக்குத் தெரிந்தது எல்லாம் நடிகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாத்திரத்துக்குத் தெரியாதது நடிகருக்கும் தெரியாமல் இருந்தால் பரவாயில்லை.

'காசாபிளாங்கா' (1942) படப்பிடிப்பின்போது, தன் பாத்திரம் இரண்டு ஆண்களில் யாரோடு போகப் போகிறது என்று தனக்குச் சொல்லப்படவில்லை என்று இங்கிரிட் பெர்க்மன் பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். அந்தத் தெரியாமை படத்துக்குப் பொருந்திப்போனது, ஏனென்றால் அந்தப் பெண்ணுமே முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறாள். எதிர்ப்பக்கத்தில், ஹாரி பாட்டர் படங்களில் ஸ்னேப் என்ற பாத்திரத்தில் நடித்த ஆலன் ரிக்மனைச் சொல்லலாம். ஹாரி பாட்டர் நாவல் வரிசை முடிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, ஸ்னேப் பற்றிய ஒரு ரகசியத்தை அதன் ஆசிரியர் ரவுலிங் அவரிடம் மட்டும் சொல்லிவைத்தார். சிக்கனமான படங்கள் அல்ல அவை. ஆனால் பாடம் இங்கேயும் செல்லும். ஸ்னேப்புக்குத் தன் ரகசியம் தெரியும், ஆகவே ரிக்மனுக்கும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

பாத்திரத்துக்குத் தெரிந்ததை நடிகரிடம் மறைத்தால் என்ன ஆகும்? அவர் பொதுவான 'மர்மத்தை' நடிக்கத் தொடங்குவார். கண்களைச் சற்றுச் சுருக்குவார், பதிலுக்கு முன் இரண்டு நொடி தாமதிப்பார், பாதிச் சிரிப்பில் நிறுத்துவார். எந்தக் கேள்விக்கும் அதே தாமதம், அதே பாதிச் சிரிப்பு. இதை மோசமான நடிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது எழுதப்படாத பக்கத்தின் குறை.

எழுத்து சறுக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டும் அறிகுறிகள் உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றுவது இது: விடை தெரிந்த ஒரு பாத்திரம் அதைச் சொல்லாமல் இருக்கிறது, சொல்லாததற்குக் கதைக்குள் காரணம் இல்லை. பயம், வெட்கம், லாபம், யாரையோ காப்பாற்றும் எண்ணம், ஏன் வெறும் வறட்டுப் பிடிவாதம் என்றாலும் ஏற்கலாம். "எல்லாவற்றையும் சொல்கிறேன், ஆனால் இப்போது வேண்டாம்" என்று ஒருவர் சொல்லி, படம் இன்னும் ஒரு மணி நேரம் ஓட வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை என்றால், அங்கேயே நம்பிக்கை குறைந்துவிடும்.

அடுத்தது எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. மூன்றே பேர் உள்ள வீட்டில் கொலையாளி யார் என்பது பெரிய அதிர்ச்சியாக இருக்க வழியில்லை. நாம் மூவரையும் ஏற்கெனவே சந்தேகித்திருப்போம். சிறிய படம் 'யார்' என்ற கேள்வியை விட்டு 'ஏன்', 'எப்படி', 'உண்மையில் நடந்ததுதான் என்ன' என்ற கேள்விகளுக்கு நகர வேண்டும். 'தி கில்டி' படத்தின் பலம் அதுதான். தொலைபேசியில் கேட்டதை நாம் புரிந்துகொண்ட விதமே கேள்விக்கு உள்ளாகிறது. பலவீனமான எழுத்து கடைசிவரை 'யார்' என்பதையே நம்பியிருக்கும். மூவரில் எவரும் போதாது என்று தெரிந்ததும், வெளியிலிருந்து நாலாவது ஆளை இறக்குமதி செய்யும்.

பிறகு, கடைசி அரை மணி நேரத்தில் திடீரென்று வந்து ஒட்டிக்கொள்ளும் பழைய துயரம். இறந்த குழந்தை, எரிந்த வீடு, கொடுமைக்கார அப்பா. இவை உண்மையான துயரங்கள். மரியாதையோடு கையாள வேண்டியவை. நோக்கம் யோசிக்க நேரம் இல்லாத எழுத்தாளர் அவற்றை நோக்கத்தின் இடத்தில் வைத்துவிடுகிறார். நடிகர் கண்ணீர் விட்டு அழுகிறார், நாமும் கலங்கிவிடுகிறோம், கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் உணர்கிறோம்.

குற்றவாளியே எல்லாவற்றையும் விளக்கிப் பேசும் நீண்ட காட்சி?

நடிகர்களுக்குப் பிடித்த காட்சி, விருதுக்கு அனுப்பும் காட்சி. எழுத்தின் கண்ணோட்டத்தில் பெரும்பாலும் தோல்வி. முடிச்சு அவிழ்வதற்குப் பதில் ஒப்புதல் வாக்குமூலம் வாசிக்கப்படுகிறது. விலக்கு ஒன்று உண்டு: பேச்சு படம் முழுவதுமே நிகழ்ந்துகொண்டிருந்தால், அதுவே துப்பறிதலாக இருந்தால், அது வேறு. 'ஒத்த செருப்பு' அப்படித்தான். விசாரணை அறையில் மாசிலாமணி பேசுகிறான். மற்றவர்கள் எல்லாம் குரல்களாகவே வருகிறார்கள். அவன் சொல்லச் சொல்லத்தான் குற்றம் நம் கண்முன் உருவாகிறது. எழுதியவரும் இயக்கியவரும் நடித்தவரும் பார்த்திபனே. காணாத முகங்களை நாம் நம்பும்படி செய்ததில் ஒலிக்கும் பெரும் பங்கு உண்டு. தேசிய விருதுகளில் படத்துக்குச் சிறப்பு நடுவர் விருதும், ஒலிக்கலவைக்காக ரசூல் பூக்குட்டிக்கு விருதும் கிடைத்தன.

திருப்பத்தை நான் முன்பே ஊகித்துவிட்டேன். அப்படியானால் எழுத்து மோசம்தானே?

இல்லை. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். துப்பறிபவர் காணும் தடயங்கள் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்த விதியை மதிக்கும் எழுத்தை யாராவது சிலர் ஊகிக்கத்தான் செய்வார்கள். எல்லாத் தடயத்தையும் மறைத்து வைத்து எவராலும் ஊகிக்க முடியாத முடிவைத் தருவது எளிது. அதில் திறமை எதுவும் இல்லை. ஊகித்த பிறகும் தொடர்ந்து பார்க்கத் தூண்டுகிறதா என்று கேளுங்கள்.

முடிவைத் திறந்தே விடுவது பலவீனமா?

எழுத்தாளருக்கு விடை தெரிந்து, அதை நம்மிடம் விட்டுவைத்தால் அது துணிச்சல். அவருக்கே தெரியாமல் விட்டால் அது கைவிடுதல். இரண்டையும் பிரித்தறிய, அதுவரை காட்டப்பட்ட தடயங்களைக் கூட்டிப் பாருங்கள்: இரண்டு விடைகள் கிடைத்து இரண்டும் முழுமையாகப் பொருந்தினால் திட்டமிட்ட திறப்பு, ஒரு விடையும் பொருந்தாவிட்டால் குழப்பம்.

ஒரே கதையில் இரண்டு வழிகளையும் பார்க்க விரும்புவோருக்கு மறுபடியும் 'தி கில்டி'யையே சொல்வேன். டேனிஷ் படத்தின் இறுதியில் நாயகன் வெளியே நடக்கிறான், தொலைபேசியில் யாரையோ அழைக்கிறான். யாரை என்று படம் சொல்வதில்லை. ஜேக் ஜில்லன்ஹால் நடித்து 2021-இல் வந்த அமெரிக்க மறு உருவாக்கம், நாயகனின் வழக்கு என்ன ஆனது என்பதைச் செய்திக் குரலால் அறிவித்துவிட்டுத்தான் முடிகிறது. சுற்றிலும் காட்டுத் தீ, நாயகனுக்கு ஆஸ்துமா, பிரிந்திருக்கும் குடும்பம் என்று சுமைகளும் கூடியிருக்கின்றன. ஜில்லன்ஹால் கடுமையாக உழைத்திருக்கிறார். ஆனால் முதல் படத்தில் யாகோப் செடர்கிரென் காதில் கருவியோடு சும்மா கேட்டுக்கொண்டிருக்கும் நொடிகள் எனக்கு அதிகம் பேசின. எழுத்து அவரை நம்பி அந்த இடத்தைக் காலியாக விட்டது.

மெதுவாகப் போவது குறையா?

அந்த மெதுவான நேரத்தில் நமக்கு ஏதாவது புதிதாகத் தெரிந்தால் குறையல்ல.

குறை எழுத்தில் இல்லாமல் இயக்கத்தில் இருந்தால்?

அடிக்கடி நடப்பதுதான். ஒரே அறையை ஒரே மாதிரி படம்பிடித்தால் நல்ல எழுத்தும் சோர்ந்துபோகும். லூமெட் 'டுவெல்வ் ஆங்ரி மென்' படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கைக் கண் மட்டத்துக்கு மேலிருந்தும், அடுத்ததைக் கண் மட்டத்திலும், கடைசியைக் கீழிருந்தும் எடுத்தார். போகப் போக நீண்ட குவியத்தூரம் கொண்ட லென்ஸ்களுக்கு மாறினார். சுவர்கள் நெருங்கிவந்ததுபோல் ஆயிற்று, கடைசியில் கூரையும் கண்ணில் பட்டது. வசனத்தில் ஏறும் அழுத்தம் கண்ணுக்கும் ஏறியது. ஆகவே ஒரு படம் அலுப்பூட்டினால் உடனே எழுத்தாளரைக் குற்றம் சாட்டாதீர்கள். வசனத்தை மட்டும் மனத்துக்குள் வாசித்துப் பாருங்கள். அங்கேயும் அலுத்தால் எழுத்து. அங்கே சுவையாக இருந்தால் வேறு எங்கோ.

விமர்சனத்தில் இதை எப்படி எழுதுவது?

"நடிப்பு அபாரம், கதை சுமார்" என்ற ஒற்றை வரி யாருக்கும் பயன்படாது. எந்தக் காட்சியில் நடிகர் எதைச் செய்தார், அதற்குப் பின்னால் திரைக்கதை எதைத் தரவில்லை என்று ஓர் இடத்தையாவது சுட்டுங்கள். முடிந்தால் முடிவு தெரிந்த பிறகு இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுங்கள். வலுவான எழுத்து இரண்டாம் முறையில் வளரும்: முதலில் துக்கமாகத் தெரிந்த பார்வை இப்போது கணக்கிடும் பார்வையாகத் தெரியும். பலவீனமான எழுத்தில், அதே பார்வை எதையும் பார்க்காமல் இருப்பது தெரியும்.

இத்தகைய படம் எழுத நினைப்பவருக்கு என்ன சொல்வீர்கள்?

குற்றம் செய்தவரின் பக்கத்திலிருந்து, நேர வரிசைப்படி, முழுக் கதையையும் முதலில் எழுதிவிடுங்கள். திரையில் அதில் பாதிகூட வராது, பரவாயில்லை. பிறகு ஒவ்வொரு பாத்திரத்துக்கும், அவருக்குத் தெரிந்தது எது, தவறாக நம்புவது எது, மறைக்க விரும்புவது எது என்று தனித்தனியாக எழுதி அந்தந்த நடிகரிடம் கொடுங்கள். படப்பிடிப்புக்கு முன் இரண்டு வார அளவுக்கு ஒத்திகை பார்ப்பது லூமெட்டின் வழக்கம். அவ்வளவு நாள் கிடைக்காவிட்டாலும், எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஒரு முறையாவது முழுவதையும் வாசிக்கச் சொல்லுங்கள். "இதை நான் ஏன் இப்போது சொல்கிறேன்?" என்று ஒரு நடிகர் கேட்டு, உங்களால் ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாவிட்டால், படப்பிடிப்பைத் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.